இரண்டு ஆசனமா, ஐந்தா? பிள்ளைக்கு முன் கனவுக் கார் வாங்க நினைக்கும் திருகோணமலைத் தம்பதிகளுக்கு

கலியாணமாகி இரண்டு மூன்று வருடம். இருவருக்கும் சம்பளம். மாமி ஒருபக்கம், அம்மா ஒருபக்கம் "விசேஷம் ஒண்டும் இல்லையா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒருவர் வாய் திறக்கிறார்: "ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுப்பமா? பிள்ளை வந்தால் பிறகு எடுக்கேலாது." மற்றவர் கேட்கிறார்: "பிள்ளை வரப்போகுதெண்டால் இப்ப அந்தக் காசைக் கரைக்கலாமா?"

உவர்மலையிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இந்தச் சண்டைதான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் பேச்சு முடிவதில்லை. "வாங்குவதா, விடுவதா" என்று கேட்டால் முடியவும் முடியாது. உண்மையில் நான்கு வழி இருக்கிறது: கனவுக் காரையே வாங்குவது; ஓட்டவும் நல்லதாய், குடும்பத்துக்கும் பொருந்துவதாய் ஒன்று எடுப்பது; இப்போது குடும்பக் கார், கனவு பிறகு என்று வைப்பது; வாங்காமலே ஆசையைத் தீர்ப்பது.

## எதை வைத்து அளப்பது

குதிரைவலுவை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நகருக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர்தான் சட்ட வேகம், குடிமனைக்குள் 50. 100 இல் போக அதிவேகப்பாதை வேண்டும். அது கிழக்கில் இல்லை. 130 குதிரைவலுக் காரும் 300 குதிரைவலுக் காரும் நிலாவெளி ரோட்டில் ஒரே மாட்டுக்குப் பின்னால்தான் நிற்கும்.

நான் பார்க்கிற முதல் விடயம் கடன் முடியும் மாதம். லீசிங் நான்கைந்து வருடம் ஓடும். பிள்ளை அதற்குள் வந்துவிடும். அரச வேலையில் இருக்கும் பெண்ணுக்குப் பிரசவ விடுமுறையில் முதல் 84 வேலை நாள்களுக்கு முழுச் சம்பளம். அதற்கு மேல் பிள்ளையோடு இருக்க விரும்பினால் அடுத்த 84 நாளுக்கு அரைச் சம்பளம், அதற்கும் மேல் என்றால் சம்பளமே இல்லை. சம்பளம் அரைவாசியாகும் மாதத்தில் லீசிங் கட்டு அரைவாசியாகாது. எத்தனையோ தாய்மார் முழுச் சம்பளம் முடிந்ததுமே பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அலுவலகம் ஓடுவதற்குப் பின்னால் ஏதோ ஒரு மாதக் கட்டு இருக்கிறது.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிள்ளை நாம் குறித்த திகதிக்கு வருவதில்லை. சிலருக்கு ஆறு மாதத்தில் வரும். சிலருக்குக் கொழும்புக்குப் போய்ப் பரிசோதனை, ஊசி, மறுபடி பரிசோதனை என்று வருடங்கள் போகும். தனியார் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் போகும். அதற்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் காருக்கான காசு. அந்தத் தொகையில் கை வைத்து வாங்கிய கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டில் ஒருவருக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

மற்றவை சுருக்கமாக:

- வீட்டில் வேறு வாகனம் இருக்கிறதா? அப்பாவின் பழைய கார், கூப்பிட்ட குரலுக்கு வரும் ஓட்டோ, எதுவானாலும்.
- காரின் அடிவயிறு உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுமா?
- கோளாறு வந்தால் யார் கை வைப்பார்?
- விற்க நினைத்தால் யார் வாங்குவார், எத்தனை மாதத்தில்?

## வழி 1: கனவுக் காரையே வாங்குவது

புதிதாக இறக்குவதை மறந்துவிடுங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் கார்களுக்குத் திறந்தது உண்மை. ஆனால் உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுகிறது. கொள்ளளவு கூடக் கூட ஒரு சிசிக்கான வீதமும் ஏறும். அதற்கு மேல் சுங்கத் தீர்வை, மிகைவரி, 18 சதவீத வற், விலை கூடிய வண்டிக்கு ஆடம்பர வரி. 2.4 லீற்றர் டொயோட்டா ஜிஆர்86 போன்ற ஒன்றை இறக்கினால் காரின் விலையைவிட வரி பெரிதாக நிற்கும். பழைய வண்டியை இறக்கலாம் என்றால் வயதெல்லை விடாது. ஆகவே நம்மவர்களுக்குத் தெரிவு என்பது ஏற்கெனவே நாட்டுக்குள் ஓடுகிற வண்டிகள்தான். விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற மூன்று வகையைப் பார்ப்போம்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை வந்தது. பார்ப்பதற்கு இன்றும் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். நான்கு பேர் இருக்கலாம். பின்கதவு பின்பக்கமாகத் திறக்கும், அதுவும் முன்கதவைத் திறந்த பிறகுதான். "1300 சிசிதானே, பெற்றோல் குடிக்காது" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். அது பிஸ்டன் எஞ்சின் இல்லை, முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின். நகரத்தில் லீற்றருக்கு ஆறு ஏழு கிலோமீற்றரைத் தாண்டுவது அபூர்வம். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்களே, அதை வைத்து இந்தக் காரில் நகருக்குள் 140 கிலோமீற்றரைத் தாண்டியிருக்க முடியாது.

எஞ்சின் ஒயிலையும் இது எரிக்கும். கோளாறு அல்ல, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்: ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல்களுக்கு வழுவழுப்பு வேண்டுமென்று சிறிது ஒயிலை எரியறைக்குள்ளேயே விடுகிறது. பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் கோலையும் இழுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இந்தக் காரை வாங்கக் கூடாது. இன்னொரு குணம்: குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, போர்ட்டிகோவிலிருந்து கேற் வரை எடுத்துவிட்டு உடனே நிறுத்தினால் பிளக் பெற்றோலில் நனைந்து அடுத்த முறை கிளம்ப மறுக்கும். மாமா வந்து "காரை கொஞ்சம் தள்ளி விடு தம்பி" என்று சொல்லும் வீடுகளில் இது வாராவாரம் நடக்கும். சூடான எஞ்சின் மறுபடி கிளம்பத் திணறினால் உள்ளே அமுக்கம் போய்விட்டது என்று சந்தேகப்படுங்கள். அதை அளக்க ரோட்டரிக்கென்றே உள்ள கருவி வேண்டும். பக்கத்துக் கராஜில் சாதாரண மானியைச் செருகிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் அது சோதனை இல்லை.

ஹொண்டா எஸ்660. 658 சிசி டேர்போ, இரண்டு ஆசனம், எஞ்சின் முதுகுக்குப் பின்னால். 2015 முதல் 2022 வரை வந்தது. வேகம் கம்மி, சிரிப்பு அதிகம் என்று சொல்லக்கூடிய கார். எரிபொருள் தாங்கி 25 லீற்றர்தான், ஆனால் அதுவே நெடுந்தூரம் போகும். சாமான் வைக்க இடம் இல்லை என்றே சொல்லலாம். கூரைத் துணியைச் சுருட்டி முன்பெட்டிக்குள் வைத்துவிட்டால் சந்தையில் வாங்கிய மீன் பை மனைவியின் மடியில்தான் வரும். திருகோணமலைக்குள் ஓட ஒரு விளையாட்டுக் கார் என்றால் இந்த மூன்றில் என் தெரிவு இதுதான்.

மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86. முன்னது 1989 முதல் வருகிற திறந்த கூரை இரட்டை ஆசனக் கார். 2015 இல் வந்த நான்காம் தலைமுறையில் பின்பெட்டி 130 லீற்றர். பின்னது 2012 இல் சுபாருவோடு சேர்ந்து செய்த 2.0 லீற்றர் வண்டி. பின்னாசனம் ஆளுக்கு இல்லை, பைக்கு. இரண்டுமே நம்பகமானவை. நல்ல நிலையில் கிடைப்பதுதான் அரிது.

இப்போது விளம்பரத்தில் எழுதாத செலவுகள்.

தரை இடைவெளி. இந்த வகைக் கார்கள் 12 முதல் 14 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. பிரதான வீதிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. கந்தளாய் வரையும் குச்சவெளி வரையும் போக ஒரு பயமும் இல்லை. பிரச்சினை கடைசி ஐம்பது மீற்றரில்: பாடசாலைக்கு முன்னால் ஊரார் தாங்களாகவே போட்ட வேகத்தடை, கிரவல் ஒழுங்கையின் நடுமேடு, வீட்டு வாசலில் வடிகானுக்கு மேல் போட்ட கொங்கிறீற் மதகு. வாங்குமுன் வாசலில் ஒரு நேர்ப்பலகையையும் அளவு நாடாவையும் வைத்துப் பாருங்கள். முன் பம்பர் மதகில் உரசும் என்றால் மதகை உடைத்துக் கட்டும் செலவையும் காரின் விலையில் சேருங்கள்.

கடல். உள்துறைமுகத்துக்கும் டச்சுக் குடாவுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் உப்புக்காற்று படாத மூலை இல்லை. அடிச்சட்டம், பிரேக் குழாய், மின்னிணைப்பு முனைகள் எல்லாவற்றையும் அது தின்னும். கச்சான் வீசும் மாதங்களில் உச்சி வெயிலுக்குக் கூரையைத் திறந்து ஓடலாம் என்பது படத்தில் மட்டும் நடக்கும். காலை ஏழு மணிக்கு முன், மாலை ஐந்துக்குப் பின், அவ்வளவுதான். குரங்கு வருகிற பகுதியில் துணிக்கூரைக் காரை வெளியில் விடவே கூடாது. (மான்கள் ஒன்றும் செய்யாது. நடுரோட்டில் படுத்துக்கொண்டு எழும்பாது, அவ்வளவுதான்.)

இரவுப் பயணம். கொழும்புக்குப் போகும் வழியில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கும். தாழ்ந்த காரில் இருப்பவரின் கண் லொறியின் சில்லு மட்டத்தில் இருக்கிறது. எதிர் வெளிச்சத்தில் முன்னால் நிற்கும் யானை தெரிய நேரமாகும். இந்தக் காரில் அந்தப் பாதையைப் பகலில் மட்டும் ஓடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம். அதிக சத்தமிடும் சைலன்சர், கூடுதல் விளக்கு, கண்ணாடிக் கறுப்பு என்று மாற்றம் செய்த வண்டிகளைப் பொலிஸார் 2025 ஜனவரியில் இருந்து கடுமையாகப் பிடித்தார்கள். முந்தைய உரிமையாளர் ஆசையாய்ப் பூட்டியதைக் கழற்றி மூலப் பாகத்தைத் தேடிப் பூட்டுவது உங்கள் தலையில் விழும்.

பிறகு பிள்ளை. இரட்டை ஆசனக் காரில் குழந்தை ஆசனம் முன்னால்தான் வைக்க முடியும். காற்றுப்பை இயங்கும் ஆசனத்தில் பின்னோக்கிய குழந்தை ஆசனம் வைக்கவே கூடாது. பை வெடிக்கும் வேகம் பச்சிளம் தலைக்கு ஆபத்து. பையை நிறுத்தும் சாவி இல்லாத கார் என்றால் அந்தக் காரில் குழந்தைக்கு இடமில்லை. "மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்பது இன்னும் மோசம். அதற்கு முன்பே, ஏழாம் மாத வயிற்றோடு இந்த ஆசனத்துக்குள் இறங்கி எழும்புவது என்பது தரையில் விரித்த பாயிலிருந்து எழும்புவதற்குச் சமம். கிளினிக்குக்கு வேறு வாகனம் வேண்டும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வேண்டும். மாமியைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போகவும் வேண்டும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கைக்காசில் வாங்கக்கூடியவர்கள், வீட்டில் இரண்டாவது வாகனம் இருப்பவர்கள், இரண்டு பேருமே அந்தக் காரை விரும்புபவர்கள். மூன்றும் இருந்தால் வாங்குங்கள். தயங்காதீர்கள். இரண்டு மூன்று வருடம் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றால் நட்டம் வரும்; அந்த நட்டத்தைக் கொண்டாட்டத்துக்கான செலவாக முதலிலேயே எழுதி வையுங்கள்.

லீசிங் போட்டு வாங்குவதென்றால் என் பதில் இல்லை என்பதே. வாகன விலையில் எவ்வளவுக்குக் கடன் தரலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருப்பதால் மீதியைக் கையில் காட்டவேண்டும். பலர் அதற்கு மனைவியின் நகையை அடகு வைக்கிறார்கள். அப்போது ஒரு காருக்கு இரண்டு வட்டி. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர்தான் இருக்கும். கட்டுத் தவறினால் வீட்டு வாசலுக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். குடும்பக் காருக்கு லீசிங் எடுத்தவர் நெருக்கடியில் காரை விற்று முடித்துவிடலாம், வாங்க ஆள் இருக்கிறது. இரட்டை ஆசனக் காருக்கு இந்த மாவட்டத்தில் வாங்குபவரைத் தேடுவதற்குள் மூன்று தவணை ஏறிவிடும்.

## வழி 2: ஐந்து கதவு, ஆனால் ஓட்டச் சுவை

கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு நான் இங்கேதான் கை காட்டுவேன். முகம் சுருங்கும். இருந்தாலும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன்.

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மூன்று தலைமுறையாகப் பார்க்கலாம்: 1.6 லீற்றர் எஞ்சினோடு 2005 இலும் 2011 இலும் வந்தவை, 1.4 டேர்போவோடு 2017 இல் வந்தது. கடைசியது 140 குதிரைவலு. மனுவல் வண்டி ஒரு தொன்னுக்கும் குறைவு, 970 கிலோ. எங்கள் ரோட்டுக்கு இதற்கு மேல் தேவையில்லை. சாதாரண ஸ்விஃப்ட்டின் பாகங்கள் பல இதற்குப் பொருந்துவதால் உள்ளூர்க் கராஜ்காரர் பயப்படமாட்டார். பொருந்தாதவை எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்: பிரேக், ஷொக் அப்சோபர், டேர்போ பக்கம். அவை கொழும்பிலிருந்து வரவேண்டும், விலையும் வேறு.

இன்னொன்று, இங்கிலாந்திலிருந்து வந்த ஹொண்டா சிவிக் 1.0 டேர்போ. 988 சிசி, மூன்று சிலிண்டர், 129 குதிரைவலு. இறக்குமதி நிற்பதற்கு முந்தைய வருடங்களில் வரி குறைவு என்று நிறைய வந்தது. பின்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம், பின்பெட்டியும் பெரிது. ஓட்டுவதற்கு இருக்கை தாழ்வாக, நல்ல பிடிமானத்தோடு இருக்கும். ஆனால் இதன் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள் ஓடுகிறது. ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல், தரமில்லாத ஒயில் ஊற்றி ஓட்டிய வண்டியில் பெல்ட் உரிந்து தூளாகி ஒயில் வடியை அடைத்துவிடும், எஞ்சின் போய்விடும். சேர்விஸ் புத்தகம் இல்லாத சிவிக் எவ்வளவு மலிவாக வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

இந்த வழியின் குறை ஒன்றுதான்: கனவு கண்ட கார் இது இல்லை. சிலருக்கு அது போதும். சிலர் ஒரு வருடத்தில் மறுபடி ஆர்எக்ஸ்-8 விளம்பரம் பார்க்கத் தொடங்கி, இதை விற்றுவிட்டு, இரண்டு முறை கைமாற்றுச் செலவு கட்டுவார்கள். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும்.

## வழி 3: இப்போது குடும்பக் கார், கனவு பிறகு

விட்ஸ், அக்சியோ, வேகன் ஆர். இவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை, உங்கள் ஒழுங்கையிலேயே நான்கு நிற்கும். வேகன் ஆர் ஆசனத்தின் உயரம் கர்ப்பிணிக்கும் முழங்கால் வலியுள்ள அம்மம்மாவுக்கும் ஒரு வரம். விற்பதென்றால் ஒரு வாரம் போதும்.

ஒளிந்திருக்கும் விலை வேறு. "பிறகு" என்பது எப்போது? மூத்த பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது இரண்டாவது வரும், பிறகு வீட்டுக்கு மேல் மாடி, பிறகு ரியூஷன். 2019 இல் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று விட்டவர்களுக்கு இறக்குமதிக் கதவு ஐந்து வருடம் மூடிக் கிடந்தது. நாட்டில் இருக்கும் நல்ல விளையாட்டுக் கார்களும் வயதாகி, மோதி, கைமாறிக் குறைந்துகொண்டே போகின்றன. ஆகவே இந்த வழியை எடுப்பவர்கள் ஒரு திகதியும் ஒரு கணக்கும் வையுங்கள்: தனியாக ஒரு சேமிப்பு, மாதாமாதம் ஒரு தொகை. அது இல்லாவிட்டால் நீங்கள் தள்ளிப்போடவில்லை, கைவிட்டுவிட்டீர்கள். கைவிடுவதும் பிழையில்லை, தெரிந்து செய்தால்.

இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்களைப் பார்த்து "கார் என்பது முதலீடு" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரத்து நின்றதால் வந்த விலை அது. வரத்துத் திறந்த பிறகு அந்தக் கணக்கை நம்பி எந்தக் காரையும் வாங்காதீர்கள்.

## வழி 4: வாங்காமல்

கொழும்பில் கலியாண வாடகைக்கு விளையாட்டுக் கார் தருகிறார்கள். சாரதியோடுதான் தருவார்கள், கையில் ஸ்டியரிங் வராது. நண்பரின் காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது. ஆசை பாதி அங்கேயே இறங்கிவிடுவதும் உண்டு, இரண்டு மடங்காவதும் உண்டு. வாங்குவதற்கு முன் இதைச் செய்யாமல் வழி 1க்குப் போகாதீர்கள். காருக்குப் பதில் பெரிய மோட்டார் சைக்கிள் என்ற யோசனையைப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீட்டில் நான் சொல்லமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கனவுக் கார் | ஐந்து கதவு ஸ்போர்ட் | குடும்பக் கார், கனவு பிறகு | வாங்காமல் |
|---|---|---|---|---|
| கடன் | கைக்காசு மட்டும் | சிறு லீசிங் தாங்கும் | லீசிங் தாங்கும் | இல்லை |
| இரண்டாவது வாகனம் | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் | இருப்பதே போதும் |
| வாசல் மதகு | அளந்து பார்க்கவும் | பெரும்பாலும் தாண்டும் | கவலையில்லை | – |
| குழந்தை ஆசனம் | இல்லை, அல்லது சிரமம் | பின்னால் வைக்கலாம் | எளிது | – |
| கராஜ் | கொழும்பை நம்பியிருக்கவேண்டும் | பாதி உள்ளூர் | உள்ளூர் | – |
| விற்க | மாதங்கள் | சில வாரம் | ஒரு வாரம் | – |
| முகத்தில் சிரிப்பு | நிறைய | போதுமான அளவு | திகதி வைத்தால் பிறகு | ஒரு நாள் |

## வழி 1 என்று முடிவெடுத்தவர்களுக்கு

உரிமை மாற்றாமல் திறந்த கடதாசியில் கைமாறி வந்த வண்டியைத் தொடாதீர்கள். புத்தகத்தில் பெயர் இருப்பவர் நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பணம் கொடுக்கும் முன்பே முழுக் காப்புறுதிக்கு விலை கேளுங்கள், வெள்ளம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பாகம் கிடைக்காத பழைய வண்டிக்குச் சில கம்பனிகள் முகம் கொடுக்காது, அதை வாங்கிய பிறகு அறிந்து பயனில்லை.

எப்போது பார்ப்பது என்றால், நவம்பர், டிசம்பர். மாரி மழை கொட்டும்போது பாருங்கள். துணிக்கூரைக் காரில் நீர் வடியும் துளை இலையால் அடைத்திருந்தால் தண்ணீர் ஆசனத்துக்குப் பின்னால் இறங்கும். விரிப்பைத் தூக்கி உள்ளங்கையால் அழுத்தினால் ஈரம் தெரியும். மார்ச் மாதத்தில் அதே கார் காய்ந்து மணமாய் இருக்கும், விற்பவரும் ஒரு லட்சம் கூடக் கேட்பார். மழையில் நின்று பேரம் பேச இரண்டு பேரும் போங்கள்.